மனச்சிதைவு நோயும் மூளையின் புறணியும்

"பேய் பிடித்துவிட்டது" என்று நம் ஊர்களில் சொல்லப்படும் நோய்களுள் ஒன்று மனச்சிதைவு. இல்லாத குரல் கேட்பதும் காரணமின்றி ஐயுறுவதும் இதன் அறிகுறிகள். 1908-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் இதற்கு 'ஸ்கிசோஃபிரினியா' எனப் பெயரிட்டார். இது உள்ளத்தின் நோயா, உடலின் நோயா என்ற வினா நெடுநாள் நீடித்தது.

பெருமூளையின் மேற்போர்வையாகிய புறணி ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. சிந்தனையும் மொழியும் அதனையே சார்ந்துள்ளன. உடல் எடையில் மூளை 2 விழுக்காடே. ஆயினும் பிராணவாயுவில் 20 விழுக்காடு அதற்கு வேண்டும். அதைக் கொண்டு சேர்ப்பவை நுண்ணிய குருதிக் குழாய்கள்.

நாட்பட்ட நோயாளிகளின் முன்மடலில் குருதி ஓட்டம் ஒப்பளவில் குறைந்திருப்பதை 1974-இல் சுவீடனில் இங்வாரும் ஃபிரான்சனும் கண்டனர். 1976-இல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர், கணினிவழி எடுத்த ஊடுகதிர்ப் படங்களில் மூளையின் உள்ளறைகள் விரிந்திருக்கக் கண்டனர். பின்வந்த காந்தப் படங்களில், முன்மடலிலும் பொட்டுமடலிலும் புறணி சற்று மெலிந்திருந்தது.

குருதி குறைந்ததால் நரம்பணுக்கள் தளர்ந்தனவா? அவை குறைவாக உழைப்பதால் குருதி குறைந்ததா? உழைக்கும் பகுதிக்கே குருதி மிகுதியாகப் பாயும் என்பதால், இரண்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலும், இவ்வேறுபாடுகள் பலரை ஒப்பிட்டுக் கண்ட சராசரியே. ஒருவரின் படத்தை மட்டும் பார்த்து இந்நோயை உறுதி செய்ய இயலாது.

மாணவ நண்பர்களே! இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது நம் வயதில்தான். விடுதியில் நண்பன் ஒருவன் ஒதுங்கித் தனக்குள் பேசத் தொடங்கினால் எள்ளி நகையாடாதீர். மந்திரவாதியிடம் அன்று, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மருந்தும் பரிவும் சேர்ந்தால் அவன் மீண்டும் நம்மோடு வகுப்பில் அமரக்கூடும்.