குறிஞ்சி பாலையாகும் விதம்

ஏற்காட்டு ஒண்டிக்கடைச் சந்தியினின்று சிறிது தொலைவு நடப்பார்க்குக் காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைப் பற்றியேறும் மிளகுக்கொடிகளும் காட்சியளிக்கும். சென்ற விடுமுறையில் அவ்வழி நடந்தபோது எம்முள் ஒரு வினா எழுந்தது. உணவு, மரம், செய்தி முதலியவற்றைக் கருப்பொருள் என்றார் தொல்காப்பியர். ஈண்டு நாம் காணும் கருப்பொருள்களுள் பழங் குறிஞ்சிக்கு உரியன எவை? மிளகு சங்கப் புலவர் அறிந்ததே. காப்பியோ, 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையால் இம்மலைக்கு வந்தது. பின்னாளில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்குப் பாக்சைட்டுத் தாது வெட்டப்பட்டது. 2008ஆம் ஆண்டில் அவ்வேலை நின்றது. மலை மாறின், மலையைப் பாடும் இலக்கியமும் மாறாதோ?

பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் முறை. இக்காலப் புதினங்கள் காட்டும் பாலையை ஆக்குவது ஞாயிறு அன்று, மனிதரே. இதனை மூன்று நூல்களாற் காண்பாம்.

இராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நீலகிரிப் படுகரின் வாழ்வைக் கூறுவது. பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியே அதன் கால அளவு. தேயிலையும் பணமும் புகுந்தபின் உறவுகள் திரிவதை அந்நூல் உரைக்கின்றது. தோட்ட மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புதினம், இரா. முருகவேளால் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாயிற்று. மேஸ்திரி தரும் முன்பணத்தை நம்பி ஆனைமலை ஏறிய கூலிமக்கள் மீளவியலாது அழிந்தமை அதன் பொருள். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004), வீரப்பனைத் தேடிய காவற்படையிடம் சோளகர் பட்ட கொடுமையைச் சொல்கின்றது. ஆகவே, பணப்பயிர், கடன், துப்பாக்கி என்னும் மூன்றும் இக்காலப் பாலையின் வெயில் என்னலாம்.

‘இவை செய்தித்தாட்குரியன, இலக்கியம் ஆகா’ என்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை ஒன்றே. மூவேந்தர் பறம்பை முற்றுகையிட்டதும், பாரி மாண்டபின் அவன் மகளிர் மலையை இழந்து நின்றதும் அந்நாளைய அரசியற் செய்திகளே அல்லவா? அவற்றைக் கபிலரும் அம்மகளிரும் பாடியமையாலன்றோ புறநானூறு இன்றும் நம் நெஞ்சை உருக்குகின்றது? நிலத்தை இழந்தார் துயரைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. இழப்பின் காரணத்தைக் கூசாது கூறுதலே அன்றும் இன்றும் புலவர் கடன்.

அன்பரீர், ஒண்டிக்கடையில் ஒரு குவளைக் காப்பி அருந்துங்கால் மலையழகை மட்டும் வியந்து மீளாதீர். இச்செடி நட்ட நிலம் முன்னர் யாருடையது, இக்காயைப் பறித்த கை யாருடையது என வினவுமின். அவ்வினாவில்தான் இக்காலக் குறிஞ்சிப் பாட்டுத் தொடங்குகின்றது.