குட்டி யானை எப்படி இழுக்கிறது?

போவன்பள்ளியில் பெரிய காய்கறிச் சந்தை இருக்கிறது. அங்கே லாரி வரும். ஆட்டோ வரும். டாட்டா ஏஸ் வண்டியும் வரும். இது 2005-இல் வந்த வண்டி. தமிழ்க்காரர்கள் இதைக் 'குட்டி யானை' என்கிறார்கள். கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள் உண்டு. வண்டி படுத்துவிட்டால் அன்றைய வருமானம் போச்சு. ஆனால் தவணை கட்டித்தானே ஆக வேண்டும்?

முதலில் வந்த குட்டி யானை டீசல் வண்டி. அதன் என்ஜினில் 2 சிலிண்டர்கள். சிலிண்டர் என்பது குழாய் போன்றது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். கீழே இறங்கும்போது காற்று உள்ளே வரும். மேலே ஏறும்போது காற்று அழுந்தும். சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பு சுடும் அல்லவா? அதைவிடப் பல மடங்கு சூடு இங்கே உண்டாகும். அந்தச் சூட்டில் டீசல் பீச்சும். டீசல் தானே பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கீழே தள்ளும். பிஸ்டன் மறுபடி மேலே வரும்போது புகை வெளியே போகும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் என்ற தண்டு சுற்றாக மாற்றும்.

வண்டி நின்றாலும் என்ஜின் நிமிடத்துக்குப் பல நூறு சுற்று சுற்றும். சக்கரமோ நிற்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் எப்படிச் சேர்ப்பது? அதற்குத்தான் கிளட்ச். பெடலை மிதித்தால் கிளட்ச் பிளேட் என்ஜினை விட்டு விலகும். மெதுவாக விட்டால் முதலில் உரசும். பிறகு பிடித்துக்கொள்ளும். வண்டி நகரும்.

அடுத்தது கியர். சின்னப் பல்சக்கரம் 3 சுற்று சுற்றினால், அதைப்போல 3 மடங்கு பற்கள் உள்ள பெரிய சக்கரம் 1 சுற்றுதான் சுற்றும். வேகம் குறையும். இழுக்கும் பலம் கூடும். மூட்டை ஏற்றிய வண்டி கிளம்பப் பலம் வேண்டும். அதனால்தான் பர்ஸ்ட் கியர். ஓட்டம் பிடித்த பிறகு டாப் கியர் போதும். பாரத்தோடு மேடு ஏறும்போதும் டாப்பிலேயே அழுத்தினால் என்ஜின் முக்கும், அதிரும். கியரைக் குறையுங்கள்.

நெரிசலில் பலர் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்து போகிறார்கள். "கிளட்ச் பெடல் கால் வைக்கிற திண்ணை இல்லை, தம்பி" என்பார் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன். பிளேட் உரசி உரசித் தேயும். கருகிய வாடை வரும். என்ஜின் சத்தம் கூடும், வண்டி வேகம் கூடாது. அப்படியானால் பிளேட் தேய்ந்திருக்கலாம். அதை மாற்றக் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். வண்டி ஷெட்டில் கிடக்கும். ஆகவே நிற்கும்போது நியூட்ரலில் போடுங்கள். மேட்டில் நின்றால் ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் ஆயில் பாருங்கள். வண்டி சமமான தரையில் நிற்கட்டும். ஆயில் கம்பியை எடுத்துத் துடையுங்கள். மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில் உண்டு. ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் நீங்களே எழுதி வையுங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் அளவையும் அப்போதே பாருங்கள். என்ஜின் சூடாக இருந்தால் மட்டும் அதன் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.