முதல் லினக்ஸ்: தேடியது போதும், இன்ஸ்டால் பண்ணுங்கள்

பட்டிப்பொலயிலிருந்து ஒரு பிள்ளையும் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளையும் ஒரே ஐடி கொம்பனிக்கு அப்ளை பண்ணுகிறார்கள். கொழும்புப் பிள்ளைக்கு நல்ல கிளாஸ், சரளமான இங்கிலிஷ், உள்ளே தெரிந்த ஆள் என்று மூன்று பலம். பட்டிப்பொலப் பிள்ளையான உங்களிடம் இருப்பது ஒரு பழைய லெப்டொப்பும் வந்து வந்து போகும் சிக்னலும். இதையே பேசிக்கொண்டிருந்தால் வேலை வராது. போட்டிக்கு வருபவர் செய்யச் சோம்பல்படும் ஒன்றைப் பிடித்து, அதில் அவரை முந்துங்கள். லினக்ஸ் அப்படியான ஒன்று. லைசென்ஸுக்குக் காசு வேண்டாம். பழைய மெஷின் போதும். வேண்டியது ஆறு மாத ஒழுங்கு.

பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் வகை, நல்லது என்று யூடியூபில் தேடியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்தத் தேடலை இன்றோடு முடிப்போம்.

1. வேலையை முதலில் பாருங்கள்

லினக்ஸ் தெரிந்தால் இலங்கையில் எங்கே வேலை என்று வீட்டில் கேட்பார்கள். பதில் கையில் இருக்கட்டும். மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐடியை 2009இல் லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் வாங்கியது. 2011 பெப்ரவரியில் லண்டன் சந்தையின் பிரதான வர்த்தகமே அந்த இலங்கைக் கொம்பனி எழுதிய, லினக்ஸில் ஓடும் சிஸ்டத்துக்கு மாறியது. அதற்கு முன் அங்கே ஓடியது விண்டோஸ். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், ஃப்ரீ சொஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதைப் பெற்றது. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற கொம்பனி, ஓப்பன் சோர்ஸை வைத்தே உலகச் சந்தையில் வியாபாரம் செய்கிறது. உலகின் முதல் 500 சூப்பர் கொம்பியூட்டர்களும் 2017 நவம்பர் பட்டியலிலிருந்து லினக்ஸிலேயே ஓடுகின்றன.

இப்போது உங்கள் வேலை. சிஸ்டம் அட்மின், சப்போர்ட் என்ஜினியர், கிளவுட், டெவ்ஒப்ஸ் என்று வரும் வேலை விளம்பரங்களில் பத்தை எடுங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் லினக்ஸ் வார்த்தைகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் சிலபஸ்.

2. மெஷினைக் காசு கொடுக்கும் முன் சோதியுங்கள்

விண்டோஸ் 10க்கான சாதாரண சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் மெஷின்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்காது. அப்படி ஒதுக்கப்படும் லெப்டொப்கள் லினக்ஸுக்கு நன்றாகவே போதும். இரண்டாம் கை மெஷின் வாங்கப் போனால் 4 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 8 ஜிபி இருந்தால் நிம்மதி. கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் புரொசெசரைப் பார்க்காதீர்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தில் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் (ஏற்றும் முறை 4ஆம் பகுதியில்) கையோடு கொண்டுபோங்கள். அதிலிருந்தே மெஷினை பூட் பண்ணலாம், டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, எல்லா கீயும் வேலை செய்கிறதா, பெட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அங்கேயே பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

3. டிஸ்ட்ரோ: மின்ட் போடுங்கள், தாண்டிப் போங்கள்

ஒரே தேயிலைக் கொழுந்துதான் பெக்டரியில் பிஓபி, டஸ்ட் என்று கிரேட் பிரிகிறது. டிஸ்ட்ரோக்களும் அப்படியே. உள்ளே இருக்கும் கேர்னல், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ்தான். அதைச் சுற்றிவரும் டெஸ்க்டொப், இன்ஸ்டாலர், அப்டேட் முறை இவைதான் மாறுகின்றன. ஆகவே முதல் டிஸ்ட்ரோவுக்கு மூன்று கேள்வி போதும். பழைய மெஷினில் ஓடுமா? பிரச்சினை வந்தால் தேடி எடுக்க விடை இருக்கிறதா? பல வருடம் அப்டேட் வருமா?

இந்த மூன்றுக்கும் சேர்ந்து நிற்கும் பதில் லினக்ஸ் மின்ட். மெனு, டாஸ்க் பார் எல்லாம் விண்டோஸ் பழகிய கண்ணுக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கும். 22ஆம் வரிசை உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும். உபுண்டுவுக்கு எழுதிய விளக்கங்கள் பெரும்பாலும் இதற்கும் செல்லும். ரேம் 8 ஜிபி என்றால் சினமன் பதிப்பு. 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு, அது இலகுவானது.

மற்றவை? 8 ஜிபி மெஷினில் உபுண்டு நல்ல தேர்வு. ரெட் ஹெட் சேர்வர் வேலைதான் குறி என்றால் பிறகு ஃபெடோராவுக்குப் போகலாம். ஆர்ச் இப்போதைக்கு வேண்டாம். காலி லினக்ஸை ஹெக்கிங் ஆசையில் போடாதீர்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான கருவி, லினக்ஸுக்குப் புதியவர்களுக்கானது அல்ல என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்கு டிஸ்ட்ரோ மாற்றக் கூடாது. வாரம் ஒரு டிஸ்ட்ரோ மாற்றுபவர் இன்ஸ்டால் பண்ண மட்டுமே கற்றுக்கொள்கிறார்.

4. சிக்னலையும் கரண்டையும் கணக்கில் எடுத்து இன்ஸ்டால் பண்ணுங்கள்

மின்டை இன்ஸ்டால் பண்ணத் தேவையான ஐஎஸ்ஓ ஃபைல் 3 ஜிபி அளவில் வரும். உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதில் இறக்குங்கள். டொரன்ட் மூலம் எடுப்பது நல்லது, லைன் விட்டுப்போனாலும் நின்ற இடத்திலிருந்து தொடரும். இறங்கியபின் ஃபைலின் ‘ஷா 256’ எண்ணை மின்ட் இணையத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் பழுது. பழுதான ஃபைலை வைத்து இன்ஸ்டால் பண்ணிவிட்டு லினக்ஸைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சரால் ஐஎஸ்ஓவை எழுதுங்கள். பென் டிரைவில் இருந்த அனைத்தும் அழியும். லெப்டொப்பில் உள்ள போட்டோ, சேர்ட்டிபிகேட் ஸ்கேன், நோட்ஸ் எல்லாவற்றையும் வேறு இடத்தில் கொப்பி பண்ணுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைத்தால், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து அதன் ரிகவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். பெட்டரி நிறைந்த பின், சார்ஜரையும் செருகிக்கொண்டு தொடங்குங்கள். பாதியில் கரண்ட் போனால் டிஸ்க்கில் உள்ளது போய்விடக்கூடும்.

5. தமிழில் டைப் பண்ணுங்கள், சிஸ்டத்தை இங்கிலிஷில் வையுங்கள்

இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற கருவிகள் வழியாகக் கிடைக்கின்றன. தமிழில் கடிதம் எழுத அதுவே போதும். ஆனால் சிஸ்டத்தின் மொழி இங்கிலிஷாகவே இருக்கட்டும். எரர் மெசேஜ் இங்கிலிஷில் வந்தால்தான் அதை அப்படியே போட்டுத் தேட முடியும். தினமும் அதை வாசித்து வாசித்தே உங்கள் டெக்னிக்கல் இங்கிலிஷும் வளரும். இன்டர்வியூவில் கேட்பதும் அந்த இங்கிலிஷைத்தான்.

6. ஒரு மாதம், நான்கு வாரம், தினம் ஒரு மணித்தியாலம்

முதல் வாரம் ஃபைல்கள். ‘எல்எஸ்’, ‘சிடி’, ‘சிபி’, ‘எம்வி’, ‘கிரெப்’. மவுஸைத் தொடாமல் ஃபோல்டர் வேலை அனைத்தையும் டெர்மினலில் செய்யுங்கள்.

இரண்டாம் வாரம் பெர்மிஷன். இங்கேதான் ஆளுக்கு ஆள் தரம் பிரியும். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டை ஓட விட்டால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். அவசரக்காரர் உடனே 777 கொடுப்பார். நீங்கள் கணக்கைப் படியுங்கள். வாசிக்க 4, எழுத 2, ஓட்ட 1. மூன்று இலக்கத்தில் முதலாவது உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். 755 என்றால் உரிமையாளர் மூன்றையும் செய்யலாம், மற்றவர்கள் வாசிக்கலாம், ஓட்டலாம், மாற்ற முடியாது. 777 என்றால் அந்த சேர்வரில் கணக்குள்ள யாரும் உங்கள் ஸ்கிரிப்டை மாற்றி எழுதலாம். இதை இரண்டு வரியில் விளக்கத் தெரிந்தவரை இன்டர்வியூ போர்ட் மறக்காது.

மூன்றாம் வாரம் சொஃப்ட்வேரும் சேவைகளும். ‘ஏபிடி’யால் இன்ஸ்டால் பண்ணுவது, ‘சிஸ்டம்சிடிஎல்’லால் ஒரு சேவையை நிறுத்தித் தொடங்குவது, ‘ஜேர்னல்சிடிஎல்’லால் லொக் வாசிப்பது.

நான்காம் வாரம் ‘எஸ்எஸ்எச்’சும் பாஷ் ஸ்கிரிப்டும். ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைந்து வேலை செய்யுங்கள்.

டேட்டா முடிந்துவிட்டது என்று படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. ‘மேன்’ என்று அடித்து கட்டளையின் பெயரைக் கொடுத்தால் முழு விளக்கமும் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. புத்தகம் வேண்டுமென்றால் து. நித்யாவின் ‘எளிய தமிழில் குனு லினக்ஸ்’ மின்னூலாக இலவசம். இங்கிலிஷில் வில்லியம் ஷொட்ஸின் ‘த லினக்ஸ் கமாண்ட் லைன்’ பிடிஎஃபும் இலவசம். இரண்டையும் ஒரே தடவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

7. செய்ததைக் காட்டுங்கள்

சிவியில் ‘லினக்ஸ் தெரியும்’ என்ற வரியால் பிரயோசனம் இல்லை, எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். செய்ததை எழுதுங்கள். பழைய லெப்டொப்பில் என்ஜின்எக்ஸ் வெப் சேர்வர் போட்டேன், எஸ்எஸ்எச் கீ மூலம் மட்டும் நுழையும்படி செய்தேன், தினமும் இரவில் தானாக பெக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். இப்படி மூன்று வரி. மூன்றையும் கிட்ஹப்பில் வைத்து லிங்க் கொடுங்கள். உங்கள் பழைய பாடசாலையின் ஐசிடி லேபில் ஒதுக்கி வைத்த மெஷின்கள் இருந்தால், அதிபரிடம் அனுமதி கேட்டு மின்ட் போட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பயன். உங்களுக்கு உண்மையான அனுபவமும் ஒரு ரெஃபரன்ஸும்.

சேர்ட்டிபிகேட் பிறகுதான். எல்பிஐயின் லினக்ஸ் எசென்ஷியல்ஸ் தொடக்க நிலை. ரெட் ஹெட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ பரீட்சையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும், பாடமாக்கிப் பாஸ் பண்ண முடியாது. கைப்பழக்கம் வருமுன் பரீட்சைக் காசு கட்டாதீர்கள்.

8. கேள்வி கேட்கும் முறையிலேயே உங்களை எடை போடுவார்கள்

சீனியரிடம் ‘அண்ணா, வேலை செய்யுதில்ல’ என்று மெசேஜ் அனுப்பாதீர்கள். என்ன செய்ய நினைத்தீர்கள், எந்தக் கட்டளை அடித்தீர்கள், வந்த எரர் எழுத்துக்கு எழுத்து என்ன, இதுவரை எதை முயன்றீர்கள். நான்கு வரி. அப்படிக் கேட்பவருக்குப் பதில் சீக்கிரம் வரும். வெக்கன்சி வந்தால் ஞாபகத்துக்கு வருவதும் அவர் பெயர்தான்.

9. அப்ளை பண்ணும் நாள்

‘சேர்வர் ஸ்லோவாக இருக்கிறது, என்ன பார்ப்பீர்கள்?’ இது இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி. ‘அப்டைம்’ அடித்து, கடைசி 1, 5, 15 நிமிட லோடை ப்ரொசெசர் கோர் எண்ணிக்கையோடு ஒப்பிடுவேன். ‘டொப்’பில் எது சிபியூவைத் தின்கிறது என்று பார்ப்பேன். ‘ஃப்ரீ’யில் ரேம், ‘டிஎஃப்’பில் டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பார்ப்பேன். பிறகு லொக். இந்த வரிசையைச் சொல்லுவது மட்டும் போதாது, உங்கள் மெஷினில் செய்து காட்டவும் வேண்டும்.

ஆகவே உங்களுக்கு நீங்களே ஒரு பரீட்சை வையுங்கள். புதிதாக மின்டை இன்ஸ்டால் பண்ணுவது, ஒரு யூசரை உருவாக்கிச் சரியான பெர்மிஷன் கொடுப்பது, வெப் சேர்வரை ஏற்றுவது, அதை வேண்டுமென்றே உடைத்து லொக் பார்த்துத் திருத்துவது, பெக்கப்பிலிருந்து ஃபைலை மீட்பது. ஐந்தையும் நெட் பார்க்காமல், ‘மேன்’ மட்டும் துணையாகச் செய்ய முடிந்தால் நீங்கள் ரெடி. அன்றைக்கே அப்ளை பண்ணுங்கள். ஏ.எல். ரிசல்ட் வரட்டும், இங்கிலிஷ் இன்னும் திருந்தட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த இடத்துக்கு இன்னொருவர் ஏற்கெனவே சிவி அனுப்பிவிட்டார்.