தீயணைப்போரும் சங்க உரிமையும்

எரியும் வீட்டின் முன் நின்று உரிமை பேசுவார் எவருமிலர். ஆனால் தீ அணைந்த பின், அதை அணைத்தவனின் வேலை நேரம், விடுப்பு, கையுறை ஆகியவை பற்றி யார் யாரோடு பேசுவது?

இக்கேள்வியை என் உள்ளத்தில் விதைத்தவர், போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) எங்கள் தெருவில் வாழ்ந்த தீயணைப்பு வீரர் ஒருவர். அவரை மாமா என்றே அழைப்போம். விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, "தம்பி, நீ படிக்கிற பிள்ளை. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, எங்களுக்கு உண்டா, சொல்லு" என்றார். நான் விழித்தேன். அன்று சொல்லத் தவறிய விடையையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைக் காண்போம். நாகபுரி மாநகராட்சி வழக்கில், நகராட்சியின் தீயணைப்புப் பிரிவும் ஒரு 'தொழில்' என்றே 1960இல் உச்சநீதிமன்றம் கூறியது. எனவே அவ்வூழியர் தம் தகராறைத் தொழில் நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்ல வழி பிறந்தது. ஆனால் அந்தமானில் தீயணைப்புப் பணி காவல்துறையோடு இணைந்தே வளர்ந்தது. காவல் படையினரோ, 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் இசைவின்றித் தொழிற்சங்கத்தில் சேர இயலாது. ஆக, ஒரே தொழிலைச் செய்வோருள், எந்த நிர்வாகத்தின் கீழ் நிற்கிறார் என்பதைக் கொண்டே ஒருவருடைய உரிமை அளக்கப்படுகிறது!

1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னர், 1966இல் கூட்டு ஆலோசனை அமைப்பு பிறந்தது. அரசும் ஊழியரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவர். ஊதியம், வாராந்தர வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு காணாவிடில் நடுவர் தீர்ப்புக்குச் செல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அத்திட்டம் வகுக்கப்பட்டபோது காவல்துறையினரும் யூனியன் பிரதேச ஊழியரும் அதற்குப் புறம்பாக வைக்கப்பட்டனர். எங்கள் தீவினர்க்கு இரு கதவுகளும் ஒருங்கே அடைபட்டன.

"தீயணைப்போர் வேலைநிறுத்தம் செய்தால் ஊர் என்னாவது?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1977இல் பிரிட்டனில் தீயணைப்போர் ஏறத்தாழ ஒன்பது வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, இராணுவத்தினர் பழைய வண்டிகளோடு இறங்க நேர்ந்தது. தமிழகத்து அரசு ஊழியர் வேலைநிறுத்த வழக்கில், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என 2003இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எங்கள் நிலையோ இன்னும் கடினம். சென்னை ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ளது. பக்கத்து மாவட்டத்து வண்டி எங்களுக்கு ஓடி வராது.

ஆனால் சங்கம் வேறு, வேலைநிறுத்தம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிழை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழு இதனைத் தெளிவாக்கியுள்ளது: தீயணைப்போர்க்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு, வேலைநிறுத்தத்தை வரையறுக்கலாம், வரையறுத்தால், அதற்கு ஈடாக நடுநிலையான, விரைவான சமரசமும் நடுவர் தீர்ப்பும் அளித்தாக வேண்டும். சங்க உரிமை தராத ஜப்பானும் 1995இல் சட்டம் திருத்தி, தீயணைப்பு அலுவலகங்களில் ஊழியர் கருத்தைக் கேட்கும் குழுக்களை ஏற்படுத்தியது. அது சங்கத்திற்கு ஈடாகாது எனினும், பேசாதிருப்பதினும் நன்று.

நிர்வாகத்திற்கும் இதனால் ஆதாயமே. குழாய் எங்கே கசிகிறது, எந்தத் தெருவில் வண்டி திரும்பாது என்பதை முதலில் அறிபவன் குழாயைப் பிடிப்பவனே. அவன் அஞ்சாது சொல்ல ஓர் இடம் இருந்தால், குறை விபத்தாகுமுன் தீரும்.

1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுக வெடிப்பில் 66 தீயணைப்பு வீரர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களை நினைவுகூர்கிறோம். இருப்போரின் குறையையும் அந்நாளில் கேட்டால் என்ன?

மாமாவுக்கு நான் எழுதப் போகும் கடிதம் சிறியது: "வேலைநிறுத்தம் இல்லாமல் போகலாம், மாமா. ஆனால் பேசுவதற்கு ஒரு மேசை கேட்பதில் தவறே இல்லை."