படத்தில் ஒரு புள்ளி: அழிக்கலாமா?

மேகமே இல்லாத நீல வானத்தைப் படம் எடுக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. தொலைவில் பறந்த பருந்தா? காமிராவுக்குள் புகுந்த தூசியா? விரலால் தொட்டு அழித்துவிடும் வசதி இன்று கைபேசியிலேயே இருக்கிறது. ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் புள்ளி காமிராவில் இருக்கிறதா, காட்சியில் இருக்கிறதா?

படம் என்பது எண்களே

காமிராவின் லென்சுக்குப் பின்னால் சிலிக்கனால் ஆன ஒரு சிறு தகடு உள்ளது. இதற்கு உணரி என்று பெயர். கட்டம் போட்ட நோட்டுத்தாளைப் போல இது பல இலட்சம் நுண்ணிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒளி விழும்போது ஒவ்வொரு கட்டத்திலும் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றின் அளவு ஓர் எண்ணாகப் பதிவாகிறது. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. இந்தக் கட்டங்களைத்தான் பிக்சல்கள் என்கிறோம்.

குறைகள் மூன்று வகை

முதலாவது தூசி. உணரியின் மேலுள்ள கண்ணாடியில் துகள் ஒட்டினால் அதன் நிழல் உணரியில் விழும். லென்சின் துவாரத்தைச் சுருக்கினால் நிழல் கூர்மையாகத் தெரியும்; அகலமாகத் திறந்தால் மங்கி மறைந்துவிடும்.

இரண்டாவது சூடான பிக்சல். ஒளி இல்லாதபோதும் வெப்பத்தினால் சிலிக்கனில் எலெக்ட்ரான்கள் விடுபடும். குறைபாடுள்ள சில கட்டங்களில் இது மிக அதிகம். இருட்டில் நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்த படத்தில் இவை நட்சத்திரங்களைப் போலவே மின்னும்!

மூன்றாவது காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து வரும் இந்த வேகமான துகள்கள் உணரியில் மோதியும் எலெக்ட்ரான்களை விடுவிக்கின்றன. விடுவித்தது ஒளியா, துகளா என்று உணரிக்குத் தெரியாது. 1990இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் இத்தகைய புள்ளிகளும் கீற்றுகளும் ஏராளம்.

கண்டுபிடிப்பது எப்படி?

காமிராவைச் சற்றே திருப்பி இன்னொரு படம் எடுங்கள். காட்சி முழுவதும் நகர்ந்தும் புள்ளி மட்டும் படத்தில் அதே இடத்தில் நின்றால், குறை காமிராவினுடையது. காட்சியோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தால், அது வெளியே உண்மையாக இருக்கும் பொருள். இரண்டாவது படத்தில் புள்ளியே இல்லையென்றால், அது கணநேரத்தில் வந்து போனது: ஒரு பறவையாகவோ காஸ்மிக் கதிராகவோ இருக்கலாம்.

அதனால்தான் ஹபிள் வானத்தின் ஒரே பகுதியை அடுத்தடுத்துப் பல முறை படம் எடுக்கிறது. ஒரு பிக்சலின் மதிப்பு மூன்று படங்களில் 40, 41, 200 என்றிருந்தால், நடு எண்ணாகிய 41ஐ எடுத்துக்கொண்டால் போதும். கதிர் மோதிய சுவடு மறைந்துவிடும்.

ஒரே படம்தான் இருந்தால்?

அப்போது அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கேட்க வேண்டியதுதான். இந்த ஒன்பது பிக்சல்களைப் பாருங்கள்:

52 54 51
53 255 50
55 52 53

நடுவிலுள்ள 255 குறை என்பது தெளிவு. சராசரி எடுத்தால் என்ன? கூட்டுத்தொகை 675, ஒன்பதால் வகுத்தால் 75. இது அக்கம்பக்கத்து எண்கள் எதனோடும் பொருந்தவில்லை. தவறான ஓர் எண் சராசரியையே கெடுத்துவிட்டது. மாறாக, எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள்: 50, 51, 52, 52, 53, 53, 54, 55, 255. நடுவில் நிற்பது 53. இதுதான் இடைநிலை. 255க்குப் பதிலாக 53ஐ இட்டால் கறை போய்விடும். கணக்குப் பாடத்தில் படித்த இடைநிலை எவ்வளவு பயன்படுகிறது பாருங்கள்!

எச்சரிக்கை தேவை

ஆனால் இந்த முறைக்கு ஓர் ஆபத்து உண்டு. ஒரே பிக்சலில் அடங்கும் உண்மையான நட்சத்திரத்தையும் அது கறை என்றே எண்ணி அழித்துவிடும்.

குறை என்று கருதப்பட்டது உண்மையாக இருந்ததற்கு, டிஜிட்டல் காமிராக்கள் பரவுவதற்கு முன்பே ஒரு சான்று கிடைத்தது. 1978 ஜூனில், அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிறிஸ்டி, கண்ணாடித் தட்டுகளில் பதிவான புளூட்டோவின் படங்களை ஆராய்ந்தார். புளூட்டோவின் ஓரத்தில் ஒரு புடைப்பு இருந்தது. தொலைநோக்கி அசைந்ததனால் நேர்ந்த குறையா? அப்படியானால் அதே தட்டிலுள்ள நட்சத்திரங்களும் புடைத்திருக்க வேண்டும். அவையோ வட்டமாகவே இருந்தன. பழைய தட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். புடைப்பு புளூட்டோவைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருந்தது, சுமார் 6.4 நாளுக்கு ஒரு சுற்று. அது கறையல்ல, புளூட்டோவின் துணைக்கோள்! அதற்குச் சாரன் என்று பெயரிட்டனர். 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை அருகிலிருந்து படம் எடுத்து அனுப்பியது. குறுக்களவில் சாரன் புளூட்டோவில் பாதி இருக்கும்.

கிறிஸ்டி செய்ததும் நாம் மேலே பார்த்த சோதனையே. புள்ளி எதனோடு சேர்ந்து நகர்கிறது என்று பார்த்தார், அவ்வளவுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. வெள்ளைச் சுவரைக் கைபேசியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சற்றே திருப்பிப் படம் எடுங்கள். தெரியும் புள்ளிகளில் எவை சுவரில் உள்ளவை, எவை காமிராவில் உள்ளவை என்று பட்டியலிடுங்கள்.

2. 12, 10, 11, 13, 90, 12, 11, 10, 12 ஆகிய ஒன்பது எண்களின் இடைநிலை என்ன? 90 ஓர் உண்மையான நட்சத்திரம் என்றால், இடைநிலை முறை அதை என்ன செய்யும்? அதைக் காப்பாற்ற நீங்கள் எத்தனை படங்கள் எடுப்பீர்கள்? ஏன்?