பி.ஆர்.சி.ஏ.1: காவல் ஜீனுக்கு வந்த நோயின் பெயர்

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடத்தைப் பட்டாணிச் செடியோடு நிறுத்திவிடாமல், மனித ஜீன் ஒன்றையும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். சில ஆண்டுகளாக நான் எடுத்துக்கொள்வது பி.ஆர்.சி.ஏ.1. செய்திகளில் இதை ‘மார்பகப் புற்றுநோய் ஜீன்’ என்கிறார்கள். பாதிக் குழப்பம் அந்தப் பெயரால்தான்.

“இந்த ஜீன் யாருக்கெல்லாம் இருக்கும்?” என்று முதலில் கேட்பேன். “புற்றுநோய் வந்தவங்களுக்கு, டீச்சர்” என்று பதில் வரும். நம் எல்லாரிடமும் இருக்கிறது என்றதும் வகுப்பு அமைதியாகிவிடும். 17ஆம் குரோமோசோமில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். 1990இல் அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங், நோய் அடிக்கடி வந்த குடும்பங்களை ஆராய்ந்து அதன் இருப்பிடத்தைக் காட்டினார். 1994இல் ஜீனே பிரித்தறியப்பட்டது. நோயின் வழியே கண்டுபிடிக்கப்பட்டதால் நோயின் பெயர் ஒட்டிக்கொண்டது. செய்வதோ காவல் வேலை. டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒருசேர அறுந்தால், பழுதில்லாத நகலைப் பார்த்துச் சரிசெய்யும் புரதங்களில் ஒன்றை இது உருவாக்குகிறது.

அடுத்து மார்பக வளர்ச்சியைச் சொல்லியாக வேண்டும். இருபாலர் வகுப்பில் அந்தச் சொல்லுக்குப் பின்வரிசையில் சிரிப்பு எழும். இதயம், நுரையீரல் என்று சொல்லும் அதே குரலில் இரண்டு மூன்று முறை சொன்னால் அடங்கிவிடும். பிறக்கும்போது மார்பகத்தில் இருப்பவை சில சிறு குழாய்கள் மட்டுமே. பெண்கள் பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் தூண்ட அவை கிளைவிடுகின்றன. கருவுற்ற காலத்தில் பால் சுரக்கும் சிற்றறைகள் பெருகுகின்றன. செல்கள் மளமளவென்று பிரியும் காலங்கள் இவை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது, அப்போது அறுபடவும் வாய்ப்புண்டு. இந்தக் காலங்களில்தான் மார்பகச் செல்களில் பி.ஆர்.சி.ஏ.1இன் செயல்பாடும் கூடுகிறது. மார்பகச் செல்களில் மட்டும் இந்த ஜீனை நீக்கிய எலிகளில் பால் குழாய்கள் சரியாகக் கிளைவிடவில்லை. பின்னாளில் கட்டிகளும் தோன்றின.

ஜீன் பழுதாவதைக் காட்டக் கரும்பலகை போதும். ‘மரம் படம் கடல் வயல்’ என்று எழுதுவேன். டி.என்.ஏ.வைச் செல் மூன்று மூன்று எழுத்துகளாகவே படிக்கிறது. ‘படம்’ என்பதில் ‘ட’, ‘ம்’ இரண்டையும் அழித்துவிட்டு மூன்று மூன்றாகப் படிக்கச் சொன்னால் ‘மரம் பகட ல்வய ல்’ என்று வரும். சிரிப்பு அடங்கியதும், கிழக்கு ஐரோப்பிய யூத வழியினரிடம் அதிகம் காணப்படும் ஒரு பி.ஆர்.சி.ஏ.1 திடீர்மாற்றத்திலும் இரண்டே எழுத்துகள்தான் விடுபட்டுள்ளன என்பேன். புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பழுதான ஒரு பிரதியோடு பிறந்தாலும் மற்றொரு பிரதி வேலை செய்யும். ஏதேனும் ஒரு செல்லில் அதுவும் இழக்கப்பட்டால் அங்கே பழுதுகள் சேரத் தொடங்குகின்றன. பழுதான பிரதி உள்ள பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் எனக் கணக்கிட்டுள்ளனர். அதிகம்தான், ஆனால் 100 அல்ல.

இந்த எண்ணைச் சொல்லுமுன் வகுப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டு, பாடம் முடிந்து எல்லாரும் போனபின் ஒரு மாணவி நின்றாள். அவள் அம்மா சிகிச்சையில் இருந்தார். “எனக்கும் வருமா, டீச்சர்?” மார்பகப் புற்றுநோய் 100 பேருக்கு வந்தால், மரபுவழிப் பழுதால் வருவது 5 முதல் 10 பேருக்குத்தான் என்றேன். அம்மாவுக்கு அப்படி ஒரு பழுது இருந்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. குடும்பத்தில் பலருக்கோ, இளவயதிலோ வந்திருந்தால் மரபியல் ஆலோசனை உண்டு, அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்கலாம் என்றும் சொன்னேன். “அப்போ உறுதியா வரும்னு இல்லையே?” என்று மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனாள்.

வம்சாவளி வரைபடப் பயிற்சிக்கு மாணவர்களின் சொந்தக் குடும்பத்தை எடுக்க வேண்டாம். கற்பனைக் குடும்பமே போதும். நான் வரையும் குடும்பத்தில் பழுதான ஜீன் அத்தையிடமும் அப்பாவிடமும் இருக்கும். “அப்பா எப்படி டீச்சர் குடுப்பாரு?” என்று ஒரு பையனாவது கேட்பான். 17ஆவது பால் குரோமோசோம் அல்லவே, அதனால் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு வாய்ப்பு என்று அவனையே பலகையில் எழுதிக் காட்டச் சொல்வேன்.