வீடியோ காட்டும் கிணறு

ஒரு வீடியோவை நினைத்துப் பாருங்கள். கிணற்றடியில் ஒரு பெண் நிற்கிறார். வாளியில் கலங்கிய தண்ணீர். அடுத்த காட்சியில் உயரமான மதில். மதிலுக்குள் ஒரு கம்பெனி. யாரும் எதுவும் பேசவில்லை. ஆனாலும் "கம்பெனிதான் தண்ணீரைக் கெடுத்தது" என்று நம் மனம் சொல்லிவிடுகிறது. இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து ஒட்டினால் போதும், மீதிக் கதையை நாமே எழுதிவிடுகிறோம்.

நாம் நினைத்தது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஆதாரம் எங்கே?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் பிளாச்சிமடா இருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்தது. எரவாளர், மலசர் ஆகிய ஆதிவாசி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு அங்கே கோக்க கோலா கம்பெனி வேலையைத் தொடங்கியது. ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீர் எடுத்தது. கொஞ்ச காலத்தில் தங்கள் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது, இருப்பதும் வாயில் வைக்க முடியவில்லை என்று மக்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கியது. மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண் முன்னால் நின்றார். கேமராக்களும் வந்தன.

கம்பெனியும் பதில் சொன்னது. மழை குறைந்ததால்தான் கிணறு வற்றியது என்றது. சித்தூர்ப் பக்கம் மழை குறைவான பகுதி என்பது நமக்கும் தெரியும். அப்படியானால் கிணற்றைக் காட்டும் வீடியோவிடம் நாம் என்ன கேட்க வேண்டும்? இது எந்த மாதம் எடுத்தது? கோடையிலா, மழைக்குப் பிறகா? கம்பெனியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ள கிணறு? தூரத்தில் உள்ள கிணறுகளும் வற்றினவா? இதைச் சொல்லாத வீடியோ பொய் என்று அர்த்தம் இல்லை. அரைகுறை என்று அர்த்தம்.

எங்கள் படிப்பு மையத்தில் இதைப் பேசியபோது ஒரு பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணால் பார்த்ததை நம்பாமல் வேறு எதைத் தம்பி நம்புவது?"

"பாட்டி, பாலில் தண்ணீர் கலந்தால் கண்ணுக்குத் தெரியுமா?"

"கொஞ்சமாகக் கலந்தால் தெரியாது. சொசைட்டியில் பால்மானி விட்டுப் பார்ப்பார்கள்."

பிளாச்சிமடாவிலும் அப்படித்தான் நடந்தது. கம்பெனியின் கழிவுச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் சேற்றில் உள்ள விஷத்தைப் படம் பிடிக்காது. 2003-இல் பி.பி.சி. வானொலிக்காரர்கள் அந்தச் சேற்றை எடுத்துப்போய் இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கக் கொடுத்தார்கள். அதில் காட்மியமும் ஈயமும் இருந்தன. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பிறகு கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சோதித்தது. சேற்றை வெளியே கொடுக்கக் கூடாது என்று சொன்னது. வேடிக்கையைப் பாருங்கள், படமே இல்லாத வானொலிதான் இந்த உண்மையை வெளியே கொண்டு வந்தது!

தேதியும் முக்கியம். 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, கம்பெனி விருப்பம்போல எடுக்கக் கூடாது என்றார். 2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள், நிபுணர் அறிக்கையைப் பார்த்து, நாள் ஒன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றார்கள். முதல் தீர்ப்போடு முடியும் வீடியோவைப் பார்த்தவருக்கு ஒரு கதை தெரியும். இரண்டாவதை மட்டும் பார்த்தவருக்கு வேறு கதை தெரியும். இரண்டையும் பார்த்தவருக்கும் முழுக் கதை தெரியாது. 2004 மார்ச்சில் நின்ற கம்பெனி பிறகு தொடர்ந்து ஓடவே இல்லை. மக்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த குழு 2010-இல் கணக்குச் சொன்னது. நஷ்ட ஈட்டுக்காகக் கேரள சட்டசபை 2011-இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இந்தப் போராட்டம் பற்றி 2006-இல் பி. பாபுராஜும் சி. சரத்சந்திரனும் ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். அது போராடியவர்கள் பக்கம் நின்று எடுத்த படம். அதில் தப்பில்லை. யார் பக்கம் நின்று எடுத்தது என்று தெரிந்துகொண்டு பார்க்கலாம்.

இடுக்கிப் பக்கம் வேறு விதம். 2011 கடைசியில் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பயம் பரவியது. அதே சமயம் 'டேம் 999' என்ற படம் வந்தது. அதில் அணை உடைந்து ஊர் அழியும். அது கதைக்காக உருவாக்கிய காட்சி. தமிழ்நாடு அரசு படத்தைத் தடை செய்தது. எல்லையில் அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம், அணை பாதுகாப்பாக உள்ளது, 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்றது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்ப் பிரச்சினை பற்றி நீங்கள் கடைசியாகப் பார்த்த வீடியோ எது? அதில் தேதியும் இடமும் சொன்னார்களா?
2. அதில் யார் யார் பேசினார்கள்? யாரைப் பேச விடவில்லை?
3. பிளாச்சிமடா கம்பெனியில் வேலை இழந்தவரிடம் நீங்கள் கேமராவோடு போனால், முதலில் என்ன கேட்பீர்கள்?